கீழமை நீதிபதிகள்: நாற்காலி காலியாகக் கூடாது

ஆதம்பாக்கத்தில் பாகப்பிரிவினைத் தகராறோ சுவர்ச் சண்டையோ முற்றினால், மக்கள் ஏறும் படி ஆலந்தூர் நீதிமன்றத்துடையது. உச்ச நீதிமன்ற நியமனங்களைப் பற்றி நாடே விவாதிக்கிறது. ஆனால் சாமானியர் வாழ்நாளில் ஒருமுறையாவது நேரில் காணும் நீதிபதி, முன்சீப்போ மாஜிஸ்திரேட்டோதான். அந்த இருக்கை காலியானால் நடப்பது என்ன? பக்கத்து நீதிமன்ற நீதிபதி பொறுப்பு வகிப்பார். டவாலி பெயரைக் கூப்பிடுவார். பெஞ்ச் கிளார்க் அடுத்த வாய்தா தேதியைச் சொல்வார். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த சாட்சி வீடு திரும்புவார்.

கீழமை நீதிமன்றக் காலியிடங்களுக்கு மருந்தாக, நாடு முழுவதற்கும் ஒரே தேர்வில் நீதிபதிகளை எடுக்கும் அகில இந்திய நீதித்துறைப் பணியை டெல்லி மீண்டும் மீண்டும் முன்வைக்கிறது. 1976-இல் 42-வது திருத்தம் அதற்கு அரசமைப்பில் இடம் தந்தது. 2023 நவம்பரில் குடியரசுத் தலைவரும் அதை வலியுறுத்தினார். நாம் இதை ஏற்கவில்லை. நத்தம் பட்டா, கிரயப் பத்திரம், வாய்மொழிப் பாகப்பிரிவினை என்று தமிழில் சாட்சி சொல்பவரின் தயக்கத்தையும் அழுத்தத்தையும் நேரடியாகப் புரிந்துகொள்பவரே விசாரணை நீதிபதியாக இருக்க வேண்டும். வேறு முறைகளோடு ஒப்பிட்டாலும் நம் முறை தாழ்ந்ததல்ல. அமெரிக்காவில் கூட்டாட்சி விசாரணை நீதிபதிகளை அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் தருகிறது. ஆளுங்கட்சி மாறினால் தேர்வாகும் நீதிபதிகளின் சாய்வும் மாறுகிறது. போட்டித் தேர்வு வழியாக, உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடக்கும் நம் முறை அதைவிட நேர்மையானது.

ஆனால் எதிர்ப்பு மட்டும் போதாது. மாலிக் மஸ்ஹர் சுல்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கால அட்டவணையே வகுத்துத் தந்திருக்கிறது: ஆண்டுத் தொடக்கத்தில் காலியிடக் கணக்கு, ஆண்டு முடிவுக்குள் நியமன ஆணை. தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 245 சிவில் நீதிபதி பணியிடங்களுக்கு டிஎன்பிஎஸ்சி 2023 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. இடஒதுக்கீட்டைக் கடைப்பிடித்ததில் பிழை இருந்ததால், 2024 பிப்ரவரியில் தற்காலிகத் தேர்வுப் பட்டியலை சென்னை உயர் நீதிமன்றமே ரத்து செய்து, திருத்திய பட்டியலைக் கேட்டது. முந்தைய ஆண்டுகளில் நிரம்பாமல் நின்ற பின்னடைவுக் காலியிடத்தை எப்படி நிரப்புவது என்பதைத் தேர்வுக்கு முன்பே தீர்த்திருக்க வேண்டாமா? தேர்வு எழுதிய இளைஞர்கள் செய்த தவறு என்ன?

இப்போது இன்னொரு கட்டம். சிவில் நீதிபதித் தேர்வு எழுதக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற வாசம் அறியாதவர் தீர்ப்பெழுதக் கூடாது என்பது சரியே. ஆனால் முதல் தலைமுறையாகச் சட்டம் படித்த ஏழை வீட்டுப் பெண், சீனியர் கொடுக்கும் சொற்பப் பணத்தில் சென்னையில் மூன்றாண்டு தாக்குப்பிடிப்பது கடினம். அவருக்கு வாழத் தக்க உதவித்தொகை இல்லையென்றால், இந்த விதி வசதியுள்ளவர்களுக்கே வழிவிடும்.

மாநில அரசும் உயர் நீதிமன்றமும் டிஎன்பிஎஸ்சியும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஜனவரியிலும் காலியிடங்களை இனவாரி ஒதுக்கீட்டோடு வெளியிட வேண்டும். தேர்வை அந்த ஆண்டுக்குள்ளேயே முடிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இதைச் செய்யாமல் மாநில உரிமை பேசினால், டெல்லியின் வாதத்துக்கு நாமே வலுச் சேர்ப்பவர்களாவோம்.