கவுண்ட் ஏறிவிட்டது, காவல் திரும்பிவிட்டதா?

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பத்தினரின் கண்கள் தேடுவது ஓர் எண்ணைத்தான். வெள்ளணுக்கள் இயல்பு நிலைக்கு உயர்ந்திருந்தால் முகங்கள் மலர்கின்றன. ‘கவுண்ட் ஏறிவிட்டது’ என்ற செய்தி உறவினர் அனைவருக்கும் எட்டுகிறது. அடுத்த வாரமே வீடு நிறைந்துவிடுகிறது. அந்த மகிழ்ச்சியைக் குறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆயினும் அந்த எண் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அதை எடுத்துரைப்பது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

வெள்ளணுக்கள் பல வகையின. அவற்றுள் நியூட்ரோஃபில்கள் கீமோதெரபிக்குப் பின் பெரும்பாலும் சில வாரங்களில் மீள்கின்றன. டி செல்களின் நிலை வேறு. எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுபவை அவை. வைரஸ் புகுந்த செல்களை அழிப்பதும், உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதும் அவற்றின் பணி. வயது ஏற ஏறத் தைமஸ் சுருங்குவதால், குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களுக்கு அவை மெதுவாகவே திரும்புகின்றன. ஃப்ளூடராபின் போன்ற மருந்துக்குப் பின்னும், பிறரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்ற பின்னும் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

எண்ணிக்கை இருந்தாலும் வலிமை இருக்கும் என்பதில்லை. சி.எல்.எல். எனப்படும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில், சிகிச்சை தொடங்கும் முன்பே டி செல்கள் சோர்வுற்றிருக்கின்றன. அவை எண்ணிக்கையில் மிகுந்திருக்கலாம். எதிரியைக் கண்டு தாக்கும் ஆற்றலோ குன்றியிருக்கும். வழக்கமான இரத்தப் பரிசோதனை இதைக் காட்டுவதில்லை.

இதனால்தான் நலமாக உணரும் நோயாளிக்கும் நாங்கள் சில மாத்திரைகளைத் தொடரச் சொல்கிறோம். கோட்ரைமாக்சசோல் ஒரு வகை நிமோனியாவைத் தடுக்கிறது. அசைக்ளோவிர் அக்கியைத் தடுக்கிறது. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அவற்றைத் தாமாக நிறுத்துவது தகாது. ஃப்ளூடராபின் பெற்றவர்கள் வேறு மருத்துவமனையில் இரத்தம் ஏற்ற நேர்ந்தால், அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தமே அவர்களுக்கு உரியது. இல்லையேல் கொடையாளரின் டி செல்கள் தடுப்பாரின்றி நோயாளியின் உடலையே தாக்கக்கூடும். வீட்டிலுள்ள குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன்னரும் எங்களைக் கேளுங்கள்; அது உயிருள்ள கிருமியைக் கொண்டது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் உடனே வாருங்கள்.

இவற்றுள் பலவற்றைக் குடும்பங்கள் அறியாதிருப்பது அவர்களின் குற்றம் அன்று. ‘கவுண்ட் நார்மல்’ என்று சொல்லி, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் நாங்கள். ‘எண்ணிக்கை சீராகிவிட்டது, எதிர்ப்பாற்றல் முழுமையாகத் திரும்ப இன்னும் காலம் ஆகும்’ என்பதே முழு வாக்கியம். வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் குறிப்பில் இது தெளிவான தமிழில் எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. எழுதப்படவில்லையெனில் தயங்காமல் கேளுங்கள்: தடுப்பு மாத்திரைகள் எதுவரை? தடுப்பூசிகள் எப்போது? இரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது?

இறுதியாக, உடனிருந்து பராமரிப்போருக்கு ஒரு சொல். பார்க்க வருபவரை வாசலில் நிறுத்துவது நம் வழக்கத்தில் எளிதன்று. ‘நோயாளியைப் பூட்டி வைத்திருக்கிறாள்’ என்ற பழிச்சொல்லைப் பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான் சுமக்கிறாள். தனிமைச் சிறை வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. சளி, இருமல், காய்ச்சல் இல்லாத ஓரிருவர் கை கழுவிவிட்டு வந்து சிறிது நேரம் பேசிச் செல்லலாம். அது நோயாளிக்கும் ஆறுதலே. மற்றவர்களிடம், ‘மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்’ என்று கூறிவிடுங்கள். அந்தப் பழியை எங்கள் மேல் போடுங்கள்; நாங்கள் சுமக்கிறோம்.