மங்காஃப் டைரி: ஜீரோ பைட்

போன வாரம் எழுத முடியல. காரணம், ஒரு ஜீரோ பைட் ஃபைல்.

வியாழன் ராத்திரி. ஃபைனல் இயர் புராஜெக்ட் மொத்தமும் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல, கிட் ரிப்போவா இருக்கு. தம்பி படம் பார்க்கணும்னு எஜெக்ட்கூட பண்ணாம வயரைப் புடுங்கிட்டான். திரும்ப மாட்டினா, 'ஆப்ஜெக்ட் ஃபைல் காலி'ங்குது கிட். ஞாயித்துக்கிழமை கைடுகிட்ட காட்டணும். வயித்தைக் கலக்கிடுச்சு.

லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல கிட் எழுத ஆரம்பிச்சப்பவே இதுக்கு ஒரு வழி வெச்சிட்டார். உள்ள போற ஒவ்வொரு ஃபைலுக்கும் அதோட உள்ளடக்கத்துல இருந்தே கணக்கு போட்டு 40 எழுத்துல ஒரு பேர் வைக்கும். ஒரு எழுத்து மாறினாலும் பேர் மாறிடும். அதனால பழுதைக் கண்டுபிடிக்கிறது சுலபம்: 'கிட் எஃப்எஸ்சிகே'ன்னு அடிச்சா எல்லாத்தையும் திரும்பக் கணக்கு போட்டுப் பார்த்துச் சொல்லிடும். அதுல 'டேங்ளிங்'னு வந்தா பயப்பட வேண்டாம், அது ஆள் இல்லாம கிடக்கிற பழசு. 'மிஸ்ஸிங்'னு வந்தாதான் வில்லங்கம்.

காலி ஃபைலை ஓரமா நகர்த்திட்டுத் திரும்ப ஓட்டினேன். ஒரே ஒரு மிஸ்ஸிங். பார்ட்னர் ஊருக்குப் போகும்போது பென் டிரைவ்ல குடுத்த புரோகிராம். அன்னைக்குத்தான் கமிட் பண்ணி, உடனே அதைக் கண்டபடி மாத்தவும் ஆரம்பிச்சிருந்தேன். பென் டிரைவையும் அழிச்சாச்சு!

இங்க ராத்திரி பன்னண்டுன்னா திருநெல்வேலில ரெண்டரை. எழுப்பினேன். "ஏல, உனக்குத் தூக்கமே வராதா?"ன்னு திட்டிக்கிட்டே அனுப்பினான். 'கிட் ஹேஷ்-ஆப்ஜெக்ட்' போட்டுப் பார்த்தா வேற பேர் வருது. செத்தோம்டான்னு உட்கார்ந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு: அவன் விண்டோஸ், நான் லினக்ஸ். கமிட் பண்றதுக்கு முன்னாடி வரி முடிவுகளை மாத்தியிருந்தேன். அதே மாதிரி மாத்திப் போட்டேன். 40 எழுத்தும் அச்சு அசலா வந்துச்சு! ரிப்போல எழுதினதும் எஃப்எஸ்சிகே வாயை மூடிக்கிச்சு. :)

"மிரர் வெச்சிருந்தா இந்தக் கஷ்டமே இல்லையே"ன்னு கேப்பீங்க. 2013 மார்ச்ல கேடிஇ திட்டத்தோட சர்வர்ல ஃபைல் சிஸ்டம் பழுதாச்சு. சுமார் 1500 ரிப்போ. மிரர்கள் இருந்துச்சு. ஆனா மூலம் எப்படியோ அப்படியே ஆகிறதுதானே மிரரோட வேலை? பழுது அங்கயும் போயிடுச்சு. அந்தச் சுற்றுல தப்பின ஒரே ஒரு சர்வர்ல நல்ல காப்பி இருந்ததால பொழைச்சாங்க.

அதனால நான் இப்ப வெள்ளிக்கிழமைதோறும் முதல்ல எஃப்எஸ்சிகே, அது சுத்தம்னா மட்டும் காப்பி, போன வாரக் காப்பி மேல கை வைக்கிறதில்ல. சோதிக்காத காப்பி காப்பியே இல்லைங்க.

தம்பிக்கு எஜெக்ட் பண்ணக் கத்துக்குடுத்தாச்சு. பார்ட்னர் வரும்போது அல்வா வாங்கிட்டு வரானாம், ஆனா காசு என்னுதாம். அடுத்த வாரம் பார்ப்போம்!