மறுமுனையில் இருப்பவருக்கும் பொறுப்புண்டு

கல்முனையிலிருந்து உம்ரா பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கட்டுநாயக்க நோக்கிப் புறப்படும் வேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தை அடைவதற்குள் சாரதியின் தொலைபேசி எத்தனை தடவை ஒலிக்கும்? "எங்க போயிட்டீங்க?" என்று வீட்டிலிருந்து ஒரு மெசேஜ். பயணி ஒருவரின் மகனிடமிருந்து கட்டாரிலிருந்து ஒரு வொய்ஸ். நாளைக்கு வேன் கிடைக்குமா என்று இன்னொருவர். ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு ஜனாஸா அறிவித்தல். மஹியங்கனை தாண்டி பதினெட்டு வளைவு ஏறும்போதும் சாரதி ஒரு கையால் பதில் எழுதுகிறார். பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்நாட்டில் வருடாந்தம் 2000 இற்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோரும், செப்டெம்பரில் எல்ல பகுதியில் 15 பேரும் பலியானபோது ஆசனப்பட்டி, பிரேக், சாரதியின் தூக்கம் என்று பல நாட்கள் விவாதித்தோம். தேவையான விவாதம்தான். ஆனால் தொலைபேசி பெரும்பாலும் ஒருவர் இருவராகவே கொல்கிறது. ஒரு சைக்கிள்காரர், பாதையைக் கடந்த ஒரு பிள்ளை. செய்தி 'சாரதியின் கவனயீனம்' என்பதோடு முடிந்துவிடும். அந்தக் கவனம் எங்கே போயிருந்தது என்று எவரும் கேட்பதில்லை.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் சுமார் 17 மீற்றர் செல்கிறது. ஐந்து செக்கன் திரையைப் பார்த்தால் 80 மீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். காத்தான்குடி பிரதான வீதியில் 80 மீற்றருக்குள் எத்தனை கடைகள், எத்தனை மோட்டார் சைக்கிள்கள்! தொலைபேசி பாவிக்கும் சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். காதில் ப்ளூடூத் மாட்டியிருக்கிறேன் என்ற சமாதானமும் எடுபடாது. கை சும்மா இருந்தாலும் மனம் பேச்சில்தான் இருக்கிறது.

இலங்கையில் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வாகனம் ஓட்டுவது குற்றம். அது பொலிஸாரின் கண்ணில் பட்டால்தான் பிரச்சினை என்பதே நம்மவர்களின் நினைப்பு. சாரதியை மட்டும் திட்டித் தீர்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஹயர் ஓடுபவருக்கு அந்தத் தொலைபேசிதான் வருமானம். பதில் கொடுக்காவிட்டால் அடுத்த ஓட்டம் வேறொருவருக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2009 இல் 18 வயது இளைஞர் ஒருவர் வாகனம் ஓட்டியவாறே தோழியுடன் மெசேஜ் பரிமாறிக்கொண்டிருந்தார். வாகனம் மறுபக்கம் பாய்ந்து மோட்டார் சைக்கிளில் வந்த கணவன், மனைவி இருவர் மீதும் மோதியது. இருவரும் ஆளுக்கொரு காலை இழந்தனர். அவர்கள் இளைஞர் மீது மாத்திரமன்றி, மெசேஜ் அனுப்பிய பெண் மீதும் வழக்குத் தொடுத்தனர். 2013 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் போதிய சான்று இல்லை என்று அப்பெண்ணை விடுவித்தது. ஆனால், பெறுபவர் வாகனம் ஓட்டுகிறார், அப்போதே அதைப் பார்ப்பார் என்று தெரிந்துகொண்டு அனுப்பினால் அனுப்புபவரும் பொறுப்பாளியாகலாம் என்று தெளிவாகக் கூறியது.

நமது நாட்டில் அப்படியொரு தீர்ப்பு வருமோ வராதோ, அந்தக் கேள்வி நமக்கும் உரியது. மகன் மோட்டார் சைக்கிளில் வருகிறான் என்று தெரிந்துகொண்டே மூன்று தடவை அழைக்கும் வாப்பா, பதில் வரவில்லை என்று கோபிக்கும் மனைவி, சாமான் எங்கே என்று டெலிவரிப் பையனை விரட்டும் வாடிக்கையாளர். இந்த வரிசையில் நானும் இருந்திருக்கிறேன்.

வேன் பயணங்களில் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். முன் ஆசனத்தில் இருப்பவரின் இலக்கத்தை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படலாம். ஹஜ், உம்ரா முகவர்கள் இதை வழக்கமாக்கினால் போதும், மற்றவர்களும் பழகிவிடுவர்.

அண்மையில் நான் சென்ற வேனில், அம்பாறை தாண்டியதும் பின்னாலிருந்த வயதான உம்மா ஒருவர் சாரதியிடம் கையை நீட்டினார். "மகன், அந்த போன இஞ்ச தாங்க, நான் வெச்சிருக்கன்." அவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். கண்டி வருவதற்குள் அது ஏழு தடவை ஒலித்தது. ஏழு தடவையும் உம்மாதான் எடுத்தார். "அவர் வேன் ஓட்டுறார், பொறகு எடுங்க."