யாருடைய படிக்கட்டு?

எமது தொடர்மாடியில், இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் லிப்ற்றில் தனியே ஏற அஞ்சுகின்றனர். தெரிந்த முகம் ஒன்று வரும்வரை கீழ்க்கூடத்திலே காத்து நிற்கின்றனர். வீட்டினுள் புகுந்து கதவைப் பூட்டிவிட்டால் அச்சமில்லை. வீதிக்கும் அக்கதவுக்கும் இடைப்பட்ட தூரமே அச்சம் தருவது. இது ஏன் என வாசகர் சிலர் எம்மிடம் வினவினர். நாம் கட்டடக்கலை கற்றவரல்லர், படித்தறிந்ததைக் கூறுவோம்.

அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் 1950களின் நடுப்பகுதியில் புறூயிற்-ஐகோ என்னும் அரச குடியிருப்பு எழுந்தது. பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். வரைந்தவர் மினோரு யமசாக்கி. பின்னாளில் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்களை வரைந்தவரும் அவரே. செலவைக் குறைக்கவென லிப்ற் 1, 4, 7, 10ஆம் மாடிகளில் மட்டுமே நின்றது. ஏனையோர் படிக்கட்டை நாடவேண்டும். பிள்ளைகள் விளையாடவும் அயலவர் கூடவும் என நீண்ட பொது நடைகூடங்கள் அமைத்தனர். நடந்ததோ வேறு. அவ்விடங்களே வழிப்பறிக்காரருக்கு வாய்ப்பாயின. குடிகள் வெளியேறினர். 1972இல் இடிக்கத் தொடங்கி, 1976 அளவில் முற்றாக அகற்றினர்.

அங்கு ஆராய்ந்த ஒஸ்கார் நியூமன் ஒன்றைக் கவனித்தார். இரு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்த வாசற்றளம் துப்புரவாக இருந்தது. இருபது குடும்பங்கள் பகிர்ந்த நடைகூடம் சீரழிந்து கிடந்தது. நூற்றைம்பது குடும்பங்களுக்குப் பொதுவான லிப்ற்றைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. தெருவுக்கு அப்பால் அதேபோன்ற ஏழைகள் வாழ்ந்த தாழ்ந்த வரிசை வீடுகளிலோ குடிகள் நிலைத்திருந்தனர்.

பழி முழுவதையும் வரைபடத்தின்மீது சுமத்துதல் நியாயமன்று. பராமரிப்புச் செலவு வாடகையிலிருந்தே வரவேண்டும் என்பது ஏற்பாடு. வாடகை குறைய, உடைந்த விளக்கும் உடைந்தபடியே கிடந்தது.

ஊரில் எமது ஒழுங்கையை நினைத்துப் பார்க்கிறோம். அந்நியர் ஒருவர் நுழைந்தால் நான்கு படலைகள் திறக்கும், "ஆரைத் தேடுறியள்?" என்ற குரல் எழும். அது அன்று எமக்குத் தொல்லையாகவும் தோன்றியதுண்டு!

இங்கே ரொறன்ரோவின் றீஜன்ற் பார்க்கில், 1940களின் இறுதியில் கட்டத் தொடங்கியபோது குறுக்குத் தெருக்களை மூடிவிட்டனர். வெளியார் ஊடாகச் செல்லக் காரணம் இல்லாது போயிற்று; உள்ளே நடப்பதைக் காணும் கண்களும் குறைந்தன. 2005இல் தொடங்கிய மீள்கட்டுமானத்தில் அத்தெருக்களை மீண்டும் திறந்து வருகின்றனர்.

எமது கட்டடத்தை எவரும் இடிக்கப்போவதில்லை. ஆயின் நிலவறைச் சலவை அறையின் இரும்புக் கதவில் ஒரு கண்ணாடி பதிக்கலாம். பின்படிக்கட்டில் அணைந்த விளக்குகளை மாற்றலாம். இவற்றைக் குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்கவேண்டும். அடுத்த கூட்டம் வரும் மாதம். சென்ற முறை எம்மவருள் மூவரே அங்கிருந்தோம்.