கம்பெனியாக்கப்பட்ட தொழிலாளி

பிரிட்டனில் ‘கான்ட்ராக்டர்’ என்றால், நம் ஊரில் ஆள் வைத்து ரோடு போடுகிறாரே, அந்தக் காண்டிராக்டர் என்று தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. இவர் தாமே உழைப்பவர். கம்ப்யூட்டர் வேலைக்காரர், என்ஜினீயர் போன்றோர் தம் பெயரில் ஒரு லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்துகொண்டு, ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறார்கள். டைரக்டரும் அவரே, சிப்பந்தியும் அவரே! காய்ச்சலில் படுத்தால் ஏஜென்சி கூலி தராது. அவர் கூலி கேட்பதுமில்லை, ‘பில்’ அனுப்புகிறார்.

அந்தப் பில்லில்தான் சங்கடம் இருக்கிறது. 1973 முதல் அங்கே மதிப்புக்கூட்டு வரி உண்டு. 2011 முதல் பொது விகிதம் 20 சதவிகிதம். பன்னிரண்டு மாத வரவு 90,000 ஸ்டர்லிங் பவுனைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2024 ஏப்ரலில் வைத்த வரம்பு இது. நாளொன்றுக்கு 400 பவுன் வாங்குபவர் 226 நாள் உழைத்தால் தாண்டிவிடுவார்.

ஐந்து நாள் வேலைக்கு 2,000 பவுன், வரி 400. ஏஜென்சி கொடுக்கும் இந்த 400-ஐத் தொழிலாளி சர்க்காரிடம் சேர்க்க வேண்டும். ஏஜென்சியோ பில்லைக் காட்டி அதைத் தன் கணக்கில் கழித்துக் கொள்கிறது. அதற்கு நட்டமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ‘வரி தனி’ என்று எழுதாமல் விட்டிருந்தால்? 400 பவுன் தினக்கூலிக்குள்ளேயே வரி அடங்கியதாகச் சட்டம் கொள்ளும். நாளுக்கு 66 பவுன் 67 பென்ஸ் தொழிலாளியின் பையிலிருந்து போகும்!

இன்னொரு வேடிக்கை. பதிவு எண் வந்து சேரும்வரை பில்லில் வரி என்று காட்டக் கூடாது. பதிவு அமலான நாளிலிருந்தே வரியைக் கட்டியாகவும் வேண்டும். தொகையை உயர்த்திக் கேள், எண் வந்ததும் புது பில் கொடு என்கிறது சர்க்கார். ஏஜென்சியின் வாசலில் நின்று அதற்கு மன்றாடுவது யார்?

பல ஏஜென்சிகள் பில்லையும் தாமே எழுதிவிடுகின்றன. தொழிலாளியிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அவர் தரும் மணிக்கணக்குச் சீட்டைப் பார்த்து, அவர் பெயரிலேயே பில் தயார் செய்கின்றன. ‘உமக்கேன் சிரமம்?’ என்ற தோரணை! ஆனால் அந்தத் தாளிலுள்ள வரிக்குச் சர்க்காரிடம் பதில் சொல்ல வேண்டியவர் எழுதிய ஏஜென்சியல்ல, தொழிலாளியே. பதிவை ரத்து செய்தாலும், எண் மாறினாலும் உடனே ஏஜென்சிக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவர்தான்.

முன்பு இதில் சிறு ஆதாயம் இருந்தது. ஒரே விகிதத் திட்டத்தில் கம்ப்யூட்டர் ஆலோசகர் மொத்த 2,400 பவுனில் 14.5 சதவிகிதம், அதாவது 348 கட்டினால் போதும். 52 பவுன் மிஞ்சும். 2017 ஏப்ரலில், சாமான் செலவு குறைவாக உள்ளவர்களுக்கு அதை 16.5 ஆக்கினார்கள். கட்ட வேண்டியது 396. மிச்சம் 4 பவுன்! உழைப்பை மட்டும் விற்பவனுக்குச் சாமான் செலவு எங்கிருந்து வரும்?

எல்லாவற்றிலும் கொடுமை, ஏஜென்சி பணம் தராமல் இழுத்தடிப்பது. சாதாரண முறையில், பில் தேதி விழுந்த காலாண்டுக்கே வரி சேரும். பணம் வந்ததா என்ற கேள்வி கிடையாது. காலாண்டு முடிந்து ஒரு மாதமும் ஏழு நாளும்தான் கெடு. ஏஜென்சி திவாலானால், வாராக் கடன் என்று எழுதிக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ரொக்கக் கணக்கு முறையில் சேர்ந்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பணம் கைக்கு வந்த பிறகே வரி. அதைத் தொழிலாளியே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சி சொல்லித் தராது.