கண் சிமிட்டினால்தான் மனிதனா?

பாங்கியில் கணக்குத் துவக்க இணையத்தின் வழியே போனால், எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று சோதிக்க, "கண்ணைச் சிமிட்டு" என்கிறது யந்திரம். திராவகம் வீசப்பட்டு இமை கருகிய பெண் எப்படிச் சிமிட்டுவாள்? பார்வையே இல்லாதவர் திரையில் வரும் கட்டளையை எப்படிப் படிப்பார்? ஆகவே இவர்கள் உயிரோடிருந்தும் இல்லாதவர்களாய் விட்டார்கள்!

"எல்லாம் தலைவிதி" என்று பரிதாபப்படுகிறவர்களை நாம் கேட்கிறோம்: யந்திரத்திற்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது விதியா, மனிதனா?

ஊனமுற்றோர் உரிமைக்கென்று 2016-லேயே சட்டம் வந்திருந்தும், இத்தகையோர் சுப்ரீம் கோர்ட்டுப் படியேற வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 30-ந் தேதி அக்கோர்ட்டு, இணைய வசதி எல்லோருக்கும் எட்டுவது உயிர்வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளும் போட்டது.

ஆகவே நாம் கேட்பது இரக்கமல்ல. மனிதன் வைத்த தடையை மனிதனே எடுக்க வேண்டும் என்பதுதான்.