பச்சை விளக்கு எரிஞ்சா மருந்து சுத்தமா? குற்றாலத்துக்குத் தேவைப்படும் ஒரு கருவியும் தேவையில்லாத ஒரு நம்பிக்கையும்

சீசனுக்குக் குற்றாலம் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பேரருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கடைத்தெருவில் நடக்கிறோம். ஒரு நாட்டு மருந்துக் கடை. ஜாடி ஜாடியாகச் சூரணம், பக்கத்தில் தைலம், லேகியம். "அம்மாவுக்கு மூட்டு வலியா? இத ஒரு மண்டலம் குடுங்க அண்ணாச்சி, வலி இருந்த இடம் தெரியாது." பொட்டலத்தில் பெயர் இல்லை, தேதி இல்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

ஊருக்கு வந்து அம்மா சாப்பிடுகிறார். மூன்றே நாளில் வலி காணோம்! சந்தோஷம்தான். ஆனால், கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும், டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணியும் கலந்திருந்தது பல நாடுகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

குற்றாலத்துக் கடைகளில் கலக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கலந்திருக்கிறதா, இல்லையா என்று அந்த இடத்திலேயே பார்க்க வாங்குபவருக்கும் வழியில்லை, நேர்மையாக மருந்து செய்யும் வைத்தியருக்கும் வழியில்லை. பிரச்சினை அதுதான்.

காஞ்சிபுரம் சொன்ன பாடம்

"ஆங்கில மருந்துன்னா பயமில்லை" என்றும் சொல்லிவிட முடியாது. 2025 அக்டோபரில் நாடே அதிர்ந்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசன் ஃபார்மா ஆலையில் தயாரானது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். அதாவது, 486 மடங்கு.

சந்தேகம் வந்து மாதிரி எடுத்த பிறகு தமிழக அரசின் ஆய்வகம் ஓரிரு நாளில் முடிவைச் சொல்லிவிட்டது. ஆனால், செப்டம்பரிலேயே குழந்தைகள் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆய்வகம் தாமதிக்கவில்லை, சந்தேகம்தான் தாமதமாக வந்தது. கையடக்கக் கருவிகள் உதவக்கூடிய இடம் இதுதான்.

திருச்சிக்காரர் கண்டுபிடித்த ஒளி

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்தது இது: ஒரு பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். எந்த அளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறைப் பொறுத்தது. நம் கைரேகை மாதிரி. 1930-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்த விளைவு இன்று கையில் பிடிக்கும் அளவுக்கு ஒரு கருவியாகிவிட்டது. மாத்திரை மீதோ, மூடியைத் திறக்காத கண்ணாடி பாட்டில் மீதோ லேசரைக் காட்டினால் போதும். கிடைக்கும் 'ரேகையை'த் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துகிறதா என்று சில நொடிகளில் சொல்லும். நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே போலி மருந்துகளைப் பிடிக்க இந்தக் கருவியைக் களத்தில் இறக்கியது.

மருந்து ஆலைக்கு வரும் கரைப்பான் பீப்பாய் ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்தால், 'புரொபிலீன் கிளைக்கால்' என்று லேபிள் ஒட்டி வருவது நிஜத்தில் வேறு பொருளாக இருந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும். பாதிக்குப் பாதி நச்சு என்கிற அளவு, இந்தக் கருவியின் கண்ணிலிருந்து தப்புவது கடினம்.

அப்போ வாங்கிட வேண்டியதுதானே?

வாங்க வேண்டும். ஆனால், அது எதைப் பார்க்காது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஒரு கணக்கு. ஐந்து கிராம் சூரணத்தில் அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கலந்தால், அது 0.01 சதவீதம். உடலில் வேலை செய்ய அவ்வளவு போதும். ஆனால், கையடக்க ராமன் கருவி ஒரு சதவீதத்துக்குக் கீழே போனாலே பெரும்பாலும் தடுமாறும். போதாததற்கு, மூலிகைப் பொடிகள் லேசர் பட்டதும் தாமே ஒளிரும். அந்த ஒளிர்வில் 'ரேகை' மூழ்கிவிடும். ஆக, கருவியில் பச்சை விளக்கு எரிந்தும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

சித்த மருந்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உலோகங்களைக் கண்டறிய எக்ஸ்-கதிர் பாய்ச்சும் வேறொரு கையடக்கக் கருவி இருக்கிறது. அதைச் செந்தூரத்தின் மேல் காட்டினால் 'பாதரசம்' என்று அலறும். உண்மைதான். லிங்கம் சேர்ந்த மருந்தில் பாதரசம் இருக்கத்தான் செய்யும். அது கந்தகத்தோடு சேர்ந்த கூட்டுப்பொருளாக இருக்கிறதா, வேறு வடிவில் இருக்கிறதா என்பதே கேள்வி. எக்ஸ்-கதிர் கருவிக்கு அது தெரியாது. ராமன் கருவிக்குத் தெரியும். லிங்கத்தின் ரேகை மிகத் தெளிவானது. ஒன்று எவ்வளவு என்று சொல்லும், மற்றொன்று எந்த வடிவம் என்று சொல்லும். ஆனால், அதைச் சாப்பிடலாமா என்று இரண்டும் சொல்லாது.

உலோகமே சேர்க்காத மூலிகை மருந்துக்குக் கணக்கு வேறு: ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. நம்ம ஊர் மருந்தை அடுத்தவர் சோதித்துச் சொல்லும் நிலை இனியும் வேண்டுமா?

தென்காசியில் என்ன செய்யலாம்?

அந்தக் காலத்து டாக்டர் கிளினிக்குகளில் கம்பவுண்டர் என்று ஒருவர் இருப்பார். கலர் மிக்சரைக் கலந்து, அளவுகோடு ஒட்டி, பாட்டிலில் ஊற்றித் தருவார். ஆங்கில மருத்துவத்தில் அந்த வேலை அநேகமாக மறைந்துவிட்டது. சித்த மருத்துவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வைத்தியர் தன்னிடம் வரும் நோயாளிக்காகத் தானே மருந்து செய்துகொடுத்தால், அதற்குத் தயாரிப்பு உரிமம் தேவையில்லை என்று 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டமே விலக்கு தருகிறது. நியாயமான விலக்கு. ஆனால், வழியில் போகிற எல்லோருக்கும் பொட்டலம் கட்டி விற்பதற்கு அது பொருந்தாது.

கருவி ஒன்றின் விலை பல லட்சம் ரூபாய். ஒரு கடையோ, ஒரு வைத்தியரோ வாங்க முடியாது, மாவட்டம் வாங்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன் நாட்களில் தென்காசியில் ஒரு பரிசோதனை மேசை போடலாம். வைத்தியர்கள் தாங்கள் வாங்கிய லிங்கத்தையும், எண்ணெயையும், மூலிகைப் பொடியையும் மருந்தாக்கும் முன்பே அங்கே கொண்டுவந்து பார்க்கலாம். ஒப்பிடுவதற்கான 'ரேகைப் பட்டியலை'ப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி தயாரித்துத் தரலாம். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் கருவி வெறும் டார்ச் லைட்தான்.

சந்தேகம் எழும் மாதிரி சீல் வைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றத்தில் செல்லுபடியாவது அரசு ஆய்வாளரின் அறிக்கைதான். கருவியில் சந்தேகம் எழாத மாதிரிகளிலும் சிலவற்றை அவ்வப்போது அனுப்ப வேண்டும். ஸ்டீராய்டு மாதிரி ஒளிந்திருப்பவை அப்போதுதான் சிக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை: 'கருவியில் பரிசோதிக்கப்பட்டது' என்ற ஸ்டிக்கர் எந்தக் கடைக் கதவிலும் ஒட்டப்படக் கூடாது. இந்தக் கருவி ஒரு சல்லடை. பெரிய கல்லை நிறுத்தும், பொடி மணலை விட்டுவிடும். சல்லடையைச் சான்றிதழாக்கினால், இன்று சந்தேகத்தோடு வாங்குபவர் நாளை நம்பிக்கையோடு ஏமாறுவார்.

அதுவரை நம் கையில் இருப்பது சில கேள்விகள்தான். அடுத்த சீசனில் பொட்டலம் வாங்கும்போது, "இதுல என்னென்ன சேர்த்திருக்கீங்க, என்னைக்குச் செஞ்சது, ஒரு சீட்டுல எழுதித் தாங்களேன்" என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் தயங்காமல் எழுதித் தருவார். எழுதித் தர மறுத்தால், காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடையில் ஒரு நேந்திரம் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.